பதினொன்றில் பத்து

த்ரெபீச்
1997 பிப்ரவரி 3

ஹெட்விகா,

போனை எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். நான்கு முறை ஆகிவிட்டது. கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேஜையில் கிடந்து உறுத்தும். அதனால் எழுதுகிறேன்.

லின்ஸிலிருந்து லேனர் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். ஏப்ரலில் பிர்னோ கண்காட்சியில் அவருடைய அறையில்தான் நம் பட்டறையில் செய்த ஸ்பீக்கர்களை வைத்துக் காட்டப்போகிறோம். அங்கே எடுபட்டால் ஆஸ்திரியா முழுக்கத் தன் கடைகளில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெட்டிக்குள் எட்டுக் கால்கள். எஃகுக் கிண்ணம், உள்ளே ஒரு சுருள்வில், சுற்றிலும் மெத்தென்ற ரப்பர். ஸ்பீக்கருக்கு அடியில் நான்கு நான்காக வைத்தால் அதன் அதிர்வு தரைக்கு இறங்காதாம். போனில் என்னைக் கேலி வேறு செய்தார். "எல்லாரும் இதத்தான் போடுறாங்க ராடிம், நீங்க மட்டும் இன்னும் ஹாக்கி ஆடிக்கிட்டு இருக்கீங்க."

இத்தனை வருடமாக ஸ்பீக்கருக்கு அடியில் கிடந்த ஐஸ் ஹாக்கி ரப்பர் வில்லைகளை எடுத்துவிட்டுக் கால்களைப் போட்டேன். ஹெட்விகா, ஸ்பீக்கர் செத்துவிட்டது. கீழ்ச் சுருதி முழுக்கப் போய்விட்டது. உப்பில்லாத பூண்டு சூப்பைக் குடித்ததுபோல் இருக்கிறது. கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். இன்று மட்டும் பதினான்கு தடவை. முதுகு போய்விட்டது.

உன் பச்சை நோட்டு வேண்டும். ஒன்பது வருடமாக என்ன கேட்டது என்று தேதி போட்டு எழுதிவைத்தாயே, அது. உன்னை வரச் சொல்லவில்லை. நோட்டை மட்டும் தபாலில் அனுப்பு.

உன் அண்ணி பிளாங்கா விசாரித்தாள்.

ராடிம்


ஒலோமோட்ஸ்
பிப்ரவரி 9

அண்ணா,

நோட்டு வராது.

காது போனவள் எழுதிய நோட்டு உனக்கு எதற்கு? அக்டோபரில் லேனர் நம் பட்டறையில் உட்கார்ந்து உன் பிளம் சாராயத்தைக் குடித்துக்கொண்டிருந்தபோது நான் என்ன சொன்னேன்? இசைத்தட்டில் டபுள் பாஸ் வாத்தியம் கீழ் ஜி-க்கு வரும்போதெல்லாம் கூடவே ஒரு ரீங்காரம் வருகிறது, சுருதி நின்ற பிறகும் அது நிற்பதில்லை என்றேன். நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாய்: "அத விடுங்க லேனர். தங்கச்சிக்குக் காது போயிடுச்சு. வயசாகுதில்ல." இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

லேனர் பியானோவும் விற்கிறவர், அரங்குக்காரர்கள் எல்லோரிடமும் பேசுகிறவர் என்பதை மறந்துவிட்டாயா? கிறிஸ்துமஸுக்குள் இரண்டு அரங்குகள் பியானோவுக்குச் சுருதி சேர்க்க என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. மரியாதையாகத்தான் நிறுத்தினார்கள். "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றார்கள். டாக்டரிடம் போனேன். இடது காதில் உச்சத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நாற்பத்தேழு வயதில் எல்லோருக்கும் வருவதுதான் என்றார். அதன் பிறகு எனக்கே நம்பிக்கை போய்விட்டது. சுருதிச் சாவியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். இப்போது இங்கே இசைப் பள்ளியில் இசைக்குறிப்பு அச்சடித்த நோட்டுத்தாள்களை எடுத்துக்கொடுத்து, திரும்ப வாங்கி அடுக்குகிறேன். பிள்ளைகள் பென்சிலால் கிறுக்கியதை அழிக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கீழ்ச் சுருதி முழுக்கப் போய்விட்டது என்கிறாயே, எல்லாமா போயிற்று? இல்லை, ஏதோ ஒன்றா? ஒன்றுதான் என்றால் எது?

ஹெட்விகா


த்ரெபீச்
பிப்ரவரி 14

ஹெட்விகா,

உன் கடிதத்தைப் படித்துக் கிழித்துப்போட்டேன். பிளாங்கா குப்பையிலிருந்து பொறுக்கி ஒட்டி மறுபடி என் முன்னால் வைத்தாள்.

எது போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் உன்னிடம் கேட்பேனா? சரி, ஒரு பக்க ஸ்பீக்கரை வில்லைமேலும் மறு பக்கத்தைக் கால்மேலும் வைத்து மாற்றி மாற்றிப் போட்டேன். பிளாங்காவைக் கூப்பிட்டேன். கையில் மாவு, மனசு அடுப்படியில். நின்றபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இந்தப் பக்கம் ஆளு பேசுறான். அந்தப் பக்கம் ஆளு பீப்பாய்க்குள்ள இருந்து பேசுறான்." பீப்பாய் எது தெரியுமா? வில்லை வைத்தது. நம்முடையது. அன்று மதியம் நான் பட்டறையிலேயே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கீழே கறிக்கடை குபாட் வேறு மாடியேறி வந்து கதவைத் தட்டினார். ஏப்ரன் முழுக்க ரத்தம்.

"என்ன ராடிம், பட்டறைய மூடிட்டியா?"

"இல்லியே. காலையிலேருந்து ஓடிக்கிட்டுத்தான இருக்கு."

"அப்புறம் ஏன் என் கொக்கி ஆடமாட்டேங்குது? ஒன்பது வருஷமா நீ பாட்டுப் போட்டா கம்பியில தொங்குற கொக்கியெல்லாம் கிணுகிணுன்னு ஆடும். திங்கக்கிழமையிலேருந்து சவம் மாதிரி தொங்குது. கஸ்டமருங்க கேக்குறாங்க."

பார், கொக்கிகூட உயிரோடு ஆடியது. அப்படிப்பட்ட ஸ்பீக்கரைக் கொன்றுவிட்டு அதைச் சுத்தம் என்கிறார் லேனர். நான் வில்லைகளைத் திரும்பப் போடப்போகிறேன்.

இந்தக் கடிதம் எழுதுவதற்குள் ஆறு தடவை எழுந்துவிட்டேன். நோட்டை அனுப்பு.

ராடிம்


ஒலோமோட்ஸ்
பிப்ரவரி 19

அண்ணா,

வில்லைகளைப் போடாதே. இல்லை, போடு, ஆனால் நான் சொல்கிறபடி போடு.

உன் கடிதத்தை வேலை நேரத்தில் அலமாரிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். அதிலிருந்து உட்கார முடியவில்லை. கொக்கிகள் ஆடின என்கிறாய். எதற்கு ஆடின? எல்லாவற்றுக்குமா?

முதலில் வில்லைகள்மேல் வை. ஒற்றைச் சுருதி எழுப்பும் உன் கருவியை நொடிக்கு முப்பது அதிர்விலிருந்து ஒவ்வொரு எண்ணாக ஏற்று. குபாட்டைக் கீழே கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல். கொக்கி ஆடும்போது கத்தட்டும். எண்ணைக் குறித்துக்கொள். பிறகு கால்களைப் போட்டு அதையே செய்.

இதற்குள் இன்னொரு சின்ன உறை இருக்கிறது. எண் கிடைத்த பிறகு பிரி. முன்னால் பிரித்தால் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, உன் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

எனக்கு ஏன் இந்த அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். இங்கே சுருதி சேர்ப்பவர் ஓய்வு பெறுகிறார். இயக்குநர் ஹோலுபோவா அம்மாள் அந்த வேலையை எனக்குத் தருகிறேன் என்கிறார். பெரிய அரங்கின் பியானோ உட்பட முப்பத்தோரு பியானோக்கள். மார்ச் 14க்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நோட்டுத்தாள் வேலையே நிரந்தரம். அதற்கான படிவத்தை வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். காதைப் பற்றி நிச்சயமில்லாமல் ஒரு பியானோவைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. பிள்ளைகள் அதில்தான் பரீட்சைக்கு வாசிக்கிறார்கள்.

ஹெட்விகா


த்ரெபீச்
பிப்ரவரி 26

ஹெட்விகா,

செய்தேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

குபாட் கடையில் கூட்டம். குளிர்காலக் கடைசிப் பன்றி அறுப்பு, ரத்தத் தொத்திறைச்சிக்கு வரிசை. இருந்தும் மனிதர் கம்பிக்குக் கீழே போய் நின்றுகொண்டார். நான் மேலே தரைப்பலகை இடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன், அவர் கீழிருந்து கத்தினார்.

"நாப்பது!"

"ஒண்ணுமில்ல. அம்மா, உங்களுக்கு எத்தனை கிலோ?"

"நாப்பத்தஞ்சு!"

"லேசா இருக்கு. இல்ல, லாரி போச்சு."

நாற்பத்தெட்டில் "ஆடுது" என்றார். நாற்பத்தொன்பதில் அவர் கத்தவே தேவைப்படவில்லை, கொக்கிகளின் சத்தம் எனக்கே கேட்டது. வரிசையில் நின்ற ஒரு அம்மாள் "பூகம்பமா?" என்று கேட்டாராம். ஐம்பத்திரண்டில் அடங்கிவிட்டது. அதற்குமேல் நூறு வரை ஒன்றும் இல்லை.

பிறகு கால்களைப் போட்டேன். முப்பதிலிருந்து நூறு வரை ஒரு கொக்கியும் அசையவில்லை. குபாட் "கரண்டு போயிடுச்சா?" என்றார்.

உறையை இரண்டு நாள் பிரிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் செருகிவைத்தேன், எடுத்தேன், திரும்பச் செருகினேன். முந்தாநாள் பிளாங்கா கத்தியைக் கையில் கொடுத்து "பிரி, இல்லன்னா நான் பிரிப்பேன்" என்றாள்.

உள்ளே உன் எழுத்தில்: கீழ் ஜி. நாற்பத்தொன்பது.

அது ஸ்பீக்கரில் இல்லை, தரையில் இருந்திருக்கிறது. ஹாக்கி வில்லை கல் மாதிரி, வாங்கியதை அப்படியே தரைக்குக் கொடுத்துவிடும். பலகைத் தரை முழுக்க ஒரு பெரிய ஸ்பீக்கராகக் கூடவே பாடியிருக்கிறது. ஒன்பது வருடம் நான் அந்தத் தரைமேல் உட்கார்ந்து, கீழ்ச் சுருதி அதிகமாகத் தெரிகிறதே என்று ஸ்பீக்கரின் மின்சுற்றில் அதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். தரை போட்டதை ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். கால் போட்டதும் தரை வாயை மூடிவிட்டது, பிடுங்கியது மட்டும் மிச்சம். நான் செய்தது குபாட் கடை மாடிக்கு மட்டுமே பொருந்தும் ஸ்பீக்கர்.

அறுபத்திரண்டு ஜோடி விற்றிருக்கிறோம். ஆஸ்ட்ராவாவிலிருந்து ஒருவர், சத்தம் ஒல்லியாக இருக்கிறது என்று மூன்று கடிதம் போட்டார். உங்கள் வீட்டு அறை சரியில்லை என்று பதில் எழுதினேன்.

மின்சுற்றை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும், பிர்னோவுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. நீ சொன்ன எண் சரி.

ராடிம்


ஒலோமோட்ஸ்
மார்ச் 3

அண்ணா,

இரண்டு பக்கம் ஸ்பீக்கரைப் பற்றி. கடைசியில் ஒரே வரி, எண் சரி. எண்ணா உன் தங்கை?

நீ மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். கேட்கவில்லை, போகட்டும். எண் வந்ததே என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. இந்த ஊரின் பேர்போன சீஸ்கூட வாங்கிச் சாப்பிட்டேன், வீடெல்லாம் நாற்றம்.

மறுநாள் ஹோலுபோவா அம்மாள் அரங்கின் சாவியைக் கையில் கொடுத்து, "சும்மா தொட்டுப் பாருங்க ஹெட்விகா, யாரும் இல்ல" என்றார். போனேன். மேடையில் பியானோவைத் திறந்து கீழிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு வந்தேன். இங்கேயும் ஒரு ரீங்காரம். அதே மாதிரி, சுருதி நின்ற பிறகும் நிற்காமல். வாசலில் நின்ற காவலாளியிடம், "உங்களுக்குக் கேக்குதா?" என்றேன். "நல்லாத்தான மேடம் கேக்குது" என்றார்.

த்ரெபீச்சில் தரை என்றாய். அப்படியானால் இங்கே ஏன் வருகிறது? அது என்கூடவே பேருந்து ஏறி வந்துவிட்டதா? நீ அக்டோபரில் சொன்னதுதான் உண்மையோ, அந்த ஒரு எண் குருட்டாம்போக்கில் பொருந்திவிட்டதோ என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் கொடுக்கவில்லை. தினமும் பையில் வைத்து அலுவலக வாசல் வரை கொண்டுபோய், திரும்பக் கொண்டுவருகிறேன்.

ஹெட்விகா


த்ரெபீச்
மார்ச் 6

ஹெட்விகா,

படிவத்தைக் கொடுக்காதே. இதை அவசரத் தபாலில் போடுகிறேன், தந்தி கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அங்கே ரீங்காரம் எந்தச் சுருதியில் என்று நீ எழுதவேயில்லை. அதனால் உன் பள்ளிக்கே போன் செய்தேன். நீ போனுக்கு வரவில்லை, அந்த ஹோலுபோவா அம்மாள்தான் எடுத்தார். உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "ஏ-ன்னு சொல்றாங்க. கீழ் ஏ. ஏன் கேக்குறீங்க, அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

கீழ் ஏ என்றால் ஐம்பத்தைந்து. இங்கே நாற்பத்தொன்பது. ஹெட்விகா, ரீங்காரம் உன் தலைக்குள் இருந்தால் ஊர் மாறினதும் அது ஏன் சுருதி மாற வேண்டும்? தலை ஒன்றுதானே? மாறியது தரை.

புதன்கிழமை, 12ஆம் தேதி, வருகிறேன். குபாட் தன் வண்டியைத் தருகிறார், ஓட்டப்போவதும் அவரே. ஒரு ஸ்பீக்கர், நான்கு கால்கள், நான்கு வில்லைகள். வண்டியில் கறி வாசனை வரும், பொறுத்துக்கொள். மேடைமேல் ஸ்பீக்கரை வைத்து டபுள் பாஸ் தட்டைப் போடுகிறேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார். அந்த அம்மாள் காசு சுண்டட்டும். பூ விழுந்தால் கால், தலை விழுந்தால் வில்லை. ஒவ்வொரு முறையும், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், நாங்கள் தூக்கி வைப்போம், அப்போதுதான் சத்தத்தை வைத்து நீ கண்டுபிடிக்க முடியாது. ரீங்காரம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் நீ சொல்.

மற்றதை நேரில் சொல்கிறேன். கேட்க ஆட்கள் இருக்கும் இடத்தில் சொன்னதை, ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ராடிம்


ஒலோமோட்ஸ்
மார்ச் 14

அண்ணா,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? வழியில் பனி கொட்டியதாகக் கேள்விப்பட்டேன். குபாட் விட்டுப்போன தொத்திறைச்சியைக் காவலாளியும் நானும் பங்குபோட்டுக்கொண்டோம்.

நீ மேடை நடுவில் நின்று சொன்னாயே, அதை நான் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். "அக்டோபர்ல நான் சொன்னது பொய். தெரியாம சொல்லல. அவ சொல்றது சரின்னா ஒன்பது வருஷத்தையும் திரும்பச் செய்யணுமேன்னு பயந்து சொன்னேன்." காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டார், யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு அழுகை வந்தது. திரும்பி உட்கார்ந்திருந்ததால் நீ பார்க்கவில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். பதினோராவது முறை நான் "ரீங்காரம் இல்லை, கால்" என்றேன். நீ உடனே, "கால்தான், கால்தான், பதினொண்ணும் சரி" என்று கைதட்டினாய். நான் திரும்பிப் பார்த்தேன். ஸ்பீக்கருக்கு அடியில் வில்லைகள், நான்கு கால்களும் குபாட்டின் கையில் இருந்தன. அவற்றை ஏப்ரனுக்குள் மறைக்கப் பார்த்தார், பாவம், ஒன்று கீழே விழுந்து உருண்டது.

அங்கேயே சண்டையை ஆரம்பிக்க வேண்டாம் என்று விட்டேன். உன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. அக்டோபரில் என் காது சுத்தமாகப் போய்விட்டது என்றாய், மார்ச்சில் அதில் குறையே இல்லை என்கிறாய். இரண்டும் நீயாகச் சொன்னதுதான். எனக்கு இரண்டும் வேண்டாம். பத்துதான் என்றால் பத்து என்று சொல். பத்தை வைத்து நான் பியானோவைத் தொடுவேன். பொய்யான பதினொன்றை வைத்துத் தொடமாட்டேன்.

இன்று காலை வரை படிவம் பையில்தான் இருந்தது. ஹோலுபோவா அம்மாளிடம் போய் பத்துதான் சரி என்று சொன்னேன். அவர் எனக்கு முன்னாலேயே கணக்காகக் குறித்துவைத்திருக்கிறார், காசைச் சுண்டியவர் அவர்தானே. "உங்களுக்கு முன்னாடி இருந்தவருக்கு நான் இப்படியெல்லாம் சோதனை வச்சதே இல்ல" என்றார். படிவத்தை வாங்கிக் கிழித்தார். திங்கட்கிழமை முதல் முப்பத்தோரு பியானோவும் என் பொறுப்பு. தச்சரை அழைத்து மேடைக்கு அடியில் திறந்து பார்க்கச் சொன்னேன், ஒரு முட்டு கழன்று கிடக்கிறதாம்.

நீ உண்மையை எழுதும்வரை நோட்டு வராது.

ஹெட்விகா


த்ரெபீச்
ஏப்ரல் 14

ஹெட்விகா,

ஒரு மாதம் பதில் போடவில்லை. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

பத்து. பதினோராவது தவறு. பொய் சொன்னேன்.

ராப்பகலாக உட்கார்ந்து ஒரு ஜோடிக்கு மட்டும் புது மின்சுற்று போட்டு முடித்தேன், கால்கள்மேல் வைத்தபடியே. நீ இல்லாமல் செய்ததால் பாதி நம்பிக்கைதான். சனிக்கிழமை பிர்னோவில் வைத்தோம். டபுள் பாஸ் ஜி-க்கு வந்தது, வாசித்தது, நின்றது. அவ்வளவுதான். அவ்வளவு சின்ன விஷயத்துக்காக அதே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஆஸ்ட்ராவாக்காரரும் வந்திருந்தார். அவர் கையைப் பிடித்து, உங்கள் அறை சரி, என் அறைதான் தப்பு என்றேன். அறுபத்திரண்டு பேருக்கும் எழுதப்போகிறேன்.

மதியம் அறை நிறைய ஆட்கள் இருந்தபோது லேனர் என் தோளில் தட்டிக் கேட்டார்: "தங்கச்சி எப்படி இருக்காங்க? காது?"

"பதினொண்ணுல பத்து" என்றேன். என்ன சோதனை, எப்படி நடந்தது, அக்டோபரில் யார் சொன்னது பொய் எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "உக்காருங்க லேனர், உங்களுக்கும் வச்சுப் பாத்துடலாம்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அவருக்கு உடனே அடுத்த அறையில் ஏதோ வேலை வந்துவிட்டது. ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வாரா என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லட்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் நானும் அந்தச் சோதனையைச் செய்துகொண்டேன். பிளாங்கா காசு சுண்டினாள், குபாட் தூக்கி வைத்தார். நடுவில் அவளையும் உட்கார வைத்தோம், கொக்கியைப் பார்த்தபடி குபாட்டும் ஒரு சுற்று கீழே போய் நின்றார்.

கொக்கியோடு குபாட்டுக்குப் பதினொன்று. மாவுக் கையோடு பிளாங்காவுக்கு ஒன்பது.

எனக்கு ஆறு. கேட்காமலே காசு சுண்டிச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். ஒன்பது வருடமும் கேட்டவள் நீ.

என் ஆறைப் பற்றி லேனருக்கு இன்று காலை நானே போன் செய்து சொல்லிவிட்டேன். ஊரில் மற்றவர்களுக்கு நீ சொல்லிக்கொள். சனிக்கிழமை வண்டியோடு வருகிறோம், நோட்டை எடுத்துவை.

ராடிம்